ஹீலியம் முப்பத்தொரு வீதம்

பல்லிச் சத்தம் இல்லை.

கதவைத் திறந்த கணத்திலேயே வினோஜாவுக்குத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. தீபாவளிக்காக மூன்று நாள் பூட்டிக் கிடந்த ஸ்கேன் நிலையம். உள்ளே கால் வைத்ததும் முதலில் காதில் விழ வேண்டியது, எம்.ஆர்.ஐ. காந்தத்தின் உச்சியில் பொருத்திய குளிரூட்டியின் சத்தம். ‘ச்சிக்... ச்சிக்...’ என்று நொடிக்கொரு தரம், இரவு பகல் பாராமல் ஐந்து வருடமாய் அடித்துக்கொண்டிருந்தது. வரவேற்பு மேசையில் இருக்கும் கோபிகாதான் அதற்குப் பல்லி என்று பெயர் வைத்தவள். ஸ்கேனுக்குப் படுத்திருக்கும் சனமும் அதைக் கேட்டு, ‘பல்லி சொல்லுது, ஒண்டுமிராது’ என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொள்வார்கள்.

இன்று பல்லி வாயை மூடிவிட்டது.

கட்டுப்பாட்டு அறைத் திரையைப் பார்த்தாள். ஹீலியம்: 32%. வெள்ளிக்கிழமை மாலை அவள் தன் கையால் எழுதிய அளவு 41.

அந்தப் பெரிய வெள்ளைக் காந்தத்தின் வயிற்றுக்குள் இருப்பது திரவ ஹீலியம். பூச்சியத்துக்குக் கீழே இருநூற்று அறுபத்தொன்பது பாகை. அந்தக் குளிரில் மூழ்கியிருக்கும்வரைதான் கம்பிச் சுருள் காந்தம். முப்பதுக்குக் கீழே இறங்கினால் சுருள் தலையை வெளியே நீட்டும். அதற்குப் பிறகு எந்த நிமிடமும், மிச்ச ஹீலியம் முழுவதும் ஒரேயடியாகக் கொதித்துக் கூரைக் குழாய் வழியாக வெள்ளைப் புகையாய்ப் போய்விடும். பிறகு அது வெறும் இரும்பு. ஹீலியமோ கடையில் வாங்குகிற சாமான் இல்லை. உலகம் முழுக்கத் தட்டுப்பாடு. கொழும்பு ஏஜென்சிக்காரர் ஒன்றரை வருடமாக ‘அடுத்த மாதம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓட வேண்டும். பதற வேண்டும். அவளுக்கு இரண்டும் வரவில்லை. மாசியில் அம்மா போனதிலிருந்து இப்படித்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ நடப்பதுபோல எல்லாமே நடந்தன.

இத்தனைக்கும், இன்று எதுவும் பிழையாகப் போகக்கூடாத நாள். மதியம் ஒன்றரைக்கு இணையத்தில் நேர்முகம். ஐரோப்பாவில் அணு இணைவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று. சூரியனுக்குள் எரிகிற தீயை நிலத்தில் எரித்து மின்சாரம் எடுக்கப் பார்க்கிறார்கள். அங்கே காந்தங்களைக் குளிராக வைத்திருக்கும் குழுவில் ஒரு இடம். நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பம் போட்டு, கடைசியாக மிஞ்சியது இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி வினோஜா. யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் வருகிற ஒரு கட்டடத்தில், நாலு வருடம் ஒரு காந்தத்தைச் சூடேற விடாமல் காத்தவள் என்பதுதான் அவளுடைய ஒரே தகுதி.

அந்தத் தகுதி இப்போது முப்பத்திரண்டு வீதத்தில் நின்றது.

பின்பக்க மெஷின் அறைக்குப் போனாள். காந்தக் குளிரூட்டியை இயக்கும் கொம்பிரசர் சூடேறித் தானாகவே நின்றிருந்தது. அதை ஆற்றுவதற்குத் தண்ணீரைச் சுற்றவிடும் சில்லர் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் குழாயில் ஓட்டமில்லை.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம். பஞ்சலிங்கம். ஜெனரேற்றரும் தோட்டமும் கட்டடமும் அவர் பொறுப்பு. ஐம்பத்தெட்டு வயது, இணுவில் ஊர்க்காரர். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

“என்ன பிள்ளை, வேளைக்கே வந்திட்டியள்? தீபாவளிப் பலகாரம் கிடைக்கேல்லைப் போலை, முகம்...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வருசம் திரும்பாத வீட்டில் தீபாவளி இல்லை. “அது... மறந்துபோனன் பிள்ளை.”

“பறவாயில்லை பஞ்சண்ணை. அந்த ஸ்பனரை எடுங்கோ.”

குழாய் மூட்டைக் கழற்றினாள். உள்ளே விரல் நுழைய இடமில்லை. வெள்ளையாய், கட்டியாய், கேத்திலின் அடியில் படிகிற அதே சுண்ணாம்பு. நகத்தால் சுரண்டினாள். பொருக்காய் உதிர்ந்தது.

“பஞ்சண்ணை, இதுக்குள்ளை என்ன தண்ணி விட்டனீங்கள்?”

“நல்ல தண்ணிதான்.”

“பற்றறித் தண்ணியோ?”

“பற்றறித் தண்ணியோ?” அவருக்கு ரோசம் வந்துவிட்டது. “நான் என்ன லொறியே ஓட்டுறன்? நல்ல தண்ணி பிள்ளை. இஞ்சத்தைக் கிணறு சவர் எண்டு, எங்கடை ஊர்க் கிணத்திலை அள்ளி நாலு கான் கட்டிக்கொண்டு வந்தனான். ஒரு தும்பு இருக்காது. வெள்ளைத் துணியாலை வடிச்சுத்தான் விட்டனான்.”

யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணி என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. உப்பில்லாத, குடிக்கிற கிணற்றுத் தண்ணீர். சோறு வேகும், தேத்தண்ணி நிறம் கொடுக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறி வருகிறது. குடிக்கிறவனுக்கு அமிர்தம், மெஷினுக்குச் சீமெந்து. சில்லருக்கு வேண்டியது ஒன்றுமே கலக்காத வடிநீர். வாகனக் கடைகளில் பற்றறித் தண்ணி என்று போத்தலில் விற்கிறார்களே, அது.

“ஆர் உதை விடச் சொன்னது?”

“நீங்கதானே சொன்னனீங்கள்.”

“நானோ? எப்ப?”

பஞ்சலிங்கம் ஸ்பனரைக் கை மாற்றிப் பிடித்தார். பதில் சொல்லத் தயங்குகிற ஆள் அல்ல அவர்.

“மாசியிலை. உங்கடை அம்மாவைத் தூக்கின அண்டைக்கு. சில்லர் தண்ணி குறைஞ்சு லைற் எரிஞ்சுது. விட்டா நிண்டிடும் எண்டு போன் எடுத்துக் கேட்டனான். பின்னாலை சனம் அழுகிற சத்தம். ‘நல்ல தண்ணி’ எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டியள்.”

வினோஜா நினைத்துப் பார்த்தாள். பந்தல்காரன், ஐயர், வெள்ளை வேட்டி, பறை. யார் யாரோ ஏதேதோ கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று ஒன்றும் நினைவில்லை.

சொல்லியிருப்பாள். மனிதர் பொய் சொல்ல மாட்டார். சுண்ணாம்பு அவருடைய தண்ணீரிலிருந்து வந்தது என்று அவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“சரி,” என்றாள். “சுண்ணாம்பைக் கரைக்க வினாகிரி வேணும். இருபது லீற்றர். பற்றறித் தண்ணி அறுபது லீற்றர். பத்து மணிக்கு முதல்.”

“அறுபதோ!”

“கெதியா போங்கோ அண்ணை.”

*

எட்டு மணிக்கு டொக்டர் செல்வநாயகம் வந்தார். நிலையத்தின் முதலாளி. காரை நிழலில்கூட விடாமல் நேரே மெஷின் அறைக்கு வந்து, குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“இரவுக்குள்ளை முப்பதுக்கு வந்திடும், என்ன?”

“ஓம் டொக்டர்.”

“ஆர் செய்த வேலை எண்டதைப் பிறகு பாப்பம். முதல் இதைக் காப்பாத்தும். பொசிஞ்ச ஹீலியத்தை நிரப்பக் கொழும்புக்காரன் வர வேணும். அவனுக்கு இண்டைக்கே ஒரு ரிப்போர்ட் குடுக்க வேணும், காரணத்தோடை. நீர்தான் எழுத வேணும்.” கையிலிருந்த பையைத் தட்டினார். “உம்மடை சிபாரிசுக் கடிதம் அடிச்சு வைச்சிருக்கிறன். ரிப்போர்ட்டைத் தாரும், அதையும் கையெழுத்து வைச்சுத் தாறன். எத்தனை மணிக்கு அனுப்ப வேணும்?”

“ஐஞ்சு மணிக்கு முதல்.”

“காணும்.”

அவர் போனதும் கோபிகா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். பஞ்சலிங்கம் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிற மொத்தக்காரனிடம் பிடித்து வந்த வினாகிரி சூடாகி, குழாய்களில் சுற்றத் தொடங்கியிருந்தது.

“அக்கா, வெளியிலை ஒரு அம்மா கேக்கிறா, இஞ்சை ஆர் அச்சாறு போடுறது எண்டு. நான் என்ன சொல்ல?”

“ஸ்கேன் மத்தியானத்துக்குப் பிறகு எண்டு சொல்லு.”

“அதைச் சொல்லிட்டன். அச்சாறுக்கு என்ன சொல்ல?”

“மாங்காய் எண்டு சொல்லு.”

கோபிகா சிரித்தாள். வினோஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பற்றறித் தண்ணிக்கு வினோஜாவே ஸ்கூட்டியில் போனாள். முதல் கடையில் எட்டுப் போத்தல். இரண்டாம் கடையில் ஐந்து. ஸ்ரான்லி வீதிக் கடைக்காரர் இருந்த பதினாறையும் எடுத்து வைத்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“என்ன பிள்ளை, பஸ் டிப்போ திறக்கிறியளோ?”

“இல்லை.”

“பின்னை உவ்வளவும் என்னத்துக்கு?”

“ஒரு மெஷினுக்குக் குடிக்க.”

“மெஷின் குடுத்து வைச்சது. எங்களுக்கு வீட்டிலை சவர்த் தண்ணி.”

இன்னும் நாலு கடை ஏறி இறங்கியும், ஒரு லீற்றர் போத்தல் நாற்பத்தொன்றுதான் தேறியது. மிச்சத்துக்குப் பஞ்சலிங்கம் தன் மருமகனுக்குப் போன் அடித்தார். அவனுக்குக் கொடிகாமத்தில் மோட்டச்சைக்கிள் சாமான் கடை. பத்து லீற்றர் கான் இரண்டு வைத்திருந்தான். பத்து மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். பஸ்ஸுக்காகச் சந்தியில் காத்து நின்ற பஞ்சலிங்கம், கண்டக்டர் கானை இறக்கும்போது, ‘ஆட்டாதை தம்பி, முட்டை மாதிரிப் பிடி’ என்று சத்தம் போட்டதாகக் கோபிகா பிறகு நடித்துக் காட்டினாள்.

பதினொன்று நாற்பதுக்குத் திரை 31 என்றது.

வினாகிரி இன்னும் அரை மணி நேரம் சுற்ற வேண்டும். செய்ய ஒன்றுமில்லை. அவளும் பஞ்சலிங்கமும் மெஷின் அறை வாசலில் கவிழ்த்த கான்களின்மேல் இருந்தார்கள். பஞ்சலிங்கம் குழாயிலிருந்து வரும் நுரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பிள்ளை, நீங்கள் போற இடத்திலை என்னதான் செய்யினம்?”

“சூரியனுக்குள்ளை நடக்கிறதை நிலத்திலை செய்து பாக்கினம். ஐதரசன் ஒண்டோடை ஒண்டு இறுகிச் சேர்ந்தா ஹீலியம் ஆகும். அப்ப வாற சூட்டிலை கரண்ட் எடுக்கலாம். புகை இல்லை, டீசல் இல்லை.”

“அந்தச் சூட்டை எந்தச் சட்டிக்குள்ளை வைக்கிறது?”

“எந்தச் சட்டியும் உருகிப்போம். காந்தத்தாலை அந்தரத்திலை பிடிச்சு வைக்கிறது. அந்தக் காந்தத்துக்கும் எங்கடை மாதிரி ஹீலியம் ஊத்த வேணும்.”

பஞ்சலிங்கம் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப அடுப்பெரிஞ்சா வாற சாம்பல் ஹீலியம். அடுப்பைப் பிடிக்கிறதுக்கும் ஹீலியம். சாம்பலையே அள்ளி ஊத்தலாமே?”

“சாம்பல் ஒரு சிட்டிகைதான் வரும். ஊத்தக் கனக்க வேணும்.”

“மினக்கெட்ட வேலை.”

“ஓம்.”

“எப்ப கரண்ட் தருவினமாம்?”

“இருபது வருசத்திலை எண்டினம்.”

“நான் அரைக்காச்சட்டை போட்டுக்கொண்டு திரிஞ்ச காலத்திலை என்ன சொன்னவை?”

“அப்பவும் இருபது வருசம் எண்டுதான்.”

பஞ்சலிங்கம் தொடையில் தட்டிச் சிரித்தார். “அப்ப உங்களுக்கு வேலை போகாது. நிரந்தரம்.”

அவளும் சிரித்திருக்க வேண்டிய இடம். உதட்டை அசைத்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு வினாகிரியை இறக்கினார்கள். பால் நிறத்தில் வந்தது. இரண்டு தரம் கழுவி, பற்றறித் தண்ணியை ஒவ்வொரு போத்தலாய் ஊற்றினார்கள். பஞ்சலிங்கம் ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார். “சீ. செத்த தண்ணி.”

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சுவிச்சைப் போட்டாள். சில்லர் உறுமியது. குழாய் குளிர்ந்தது. கொம்பிரசரின் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை.

ச்சிக்.

ச்சிக்... ச்சிக்...

கோபிகா ஓடிவந்து வினோஜாவைக் கட்டிப்பிடித்தாள். பஞ்சலிங்கம் இணுவில் கந்தனை இரண்டு கையாலும் கும்பிட்டார். வினோஜா பதிவேட்டில் எழுதினாள். 12.54. குளிரூட்டி இயக்கம். ஹீலியம் 31%.

காந்தம் தப்பிவிட்டது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

*

ஒன்றரைக்குத் திரையில் மூன்று முகங்கள். நரைத்த தலையோடு ஒரு பெண், குழுவின் தலைவி. தாடி வைத்த ஒருவர். மூன்றாவது முகம் கறுப்பு, ஐம்பது வயது இருக்கும். கீழே பெயர்: ஜெறோம்.

நரைத்த பெண் ஆங்கிலத்தில் முதல் கேள்வியைக் கேட்டார். ஏன் அணு இணைவு?

வினோஜா அதற்கு ஒரு பக்கம் பாடமாக்கி வைத்திருந்தாள். காலநிலை, வருங்காலச் சந்ததி, எல்லையில்லாத சக்தி. வாயைத் திறந்தபோது அதில் ஒரு வரியும் இல்லை.

“எங்களிடம் ஒருவர் வேலை செய்கிறார்,” என்றாள். “இரண்டாயிரத்து இருபத்திரண்டில் இங்கே டீசல் இல்லை. ஜெனரேற்றர் நின்றால் காந்தம் சூடாகும். அவர் கான்களோடு பெற்றோல் ஷெட் வரிசையில் மூன்று நாள் கிடந்தார். வெயிலில். ஒரு காந்தம் குளிராக இருப்பதற்காக ஒரு மனிதன் தார் வீதியில் கிடந்தான். யாரும் வரிசையில் கிடக்கத் தேவையில்லாத மின்சாரம் எங்கேயாவது வருமென்றால், அங்கே வேலை செய்ய விருப்பம்.”

நரைத்த பெண் எதையோ குறித்துக்கொண்டார்.

தாடிக்காரர் கேட்டார்: நீ சந்தித்த மிக மோசமான கோளாறு எது?

“இன்று காலை.” முழுவதையும் சொன்னாள். சுண்ணாம்பு, வினாகிரி, நாற்பத்தொரு போத்தல். தாடிக்காரர் வினாகிரிக்குச் சிரித்து, வெப்பநிலை என்ன வைத்தாய் என்று விசாரித்து எழுதிக்கொண்டார்.

“தவறான தண்ணீர் எப்படிப் போனது?” இது நரைத்த பெண்.

“தகவல் பரிமாற்றத்தில் நடந்த பிழை,” என்றாள் வினோஜா. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் தேவைப்படவில்லை.

நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நரைத்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: எங்களுக்கு நீ வேண்டும். தை மாதம் தொடங்கலாம். ஒரேயொரு விதி. வேலைத்தலத்தின் சிபாரிசுக் கடிதம் உன் நேரம் ஐந்து மணிக்குள் வர வேண்டும். வராவிட்டால் இடம் மற்றவருக்குப் போகும். நிர்வாகம் அதில் விட்டுக்கொடுக்காது.

மற்ற இருவரும் மறைந்தார்கள். ஜெறோம் மட்டும் நின்றார்.

“தங்கச்சி எந்த ஊர்?”

“தொண்டைமானாறு.”

“சன்னதி கோயிலடியோ? நான் குருநகர். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் ஒளிச்சு, சைக்கிள் மிதிச்சு வந்து உங்கடை சன்னதியிலை அன்னதானம் சாப்பிட்டிருக்கிறன். கழுத்திலை சிலுவை போட்ட வேதக்காரப் பெடியன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.” சிரித்தார். “முப்பத்தைஞ்சு வருசமாச்சு. கடிதத்தை அனுப்புங்கோ. பிந்தாதேங்கோ.”

திரை இருண்டது. கடிதம் மட்டும்தான் பாக்கி.

*

மூன்றரைக்கு டொக்டரின் அறை. மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று கடிதம், கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு. மற்றது வினோஜா எழுதிக் கொடுத்த ரிப்போர்ட். ‘காரணம்’ என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“இதை ஏன் விட்டிருக்கிறீர்?”

“பஞ்சண்ணை கிணத்துத் தண்ணி விட்டவர்.”

“அதைத்தானே எழுதச் சொல்லுறன்.”

“நான் சொல்லித்தான் விட்டவர் டொக்டர்.”

செல்வநாயகம் நிமிர்ந்தார். வினோஜா மாசி மாதக் கதையைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார்.

“உமக்கு அது ஞாபகம் இருக்கோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் எழுத வேணும்? செத்த வீட்டிலை நிண்ட பிள்ளை என்ன சொல்லிச்சுது எண்டு ஆருக்குத் தெரியும்? இஞ்சை பாரும். படிச்ச எஞ்சினியர் சொல்லி விட்டது எண்டா, கொழும்புக்காரன் ஒப்பந்தத்தைக் காட்டிப்போட்டுக் கையைக் கழுவிடுவான். ஹீலியம் வராது. ஒண்டும் தெரியாத மனுசன் தன்ரை பாட்டிலை செய்தது எண்டா அது விபத்து. விபத்துக்கு வருவான்.”

“பஞ்சண்ணைக்கு என்ன நடக்கும்?”

“நிப்பாட்டத்தான் வேணும். இல்லாட்டி அவங்கள் நம்பமாட்டாங்கள்.” குரலைத் தாழ்த்தினார். “எனக்கும் விருப்பமில்லை. பன்ரண்டு வருசம் என்னோடை நிண்ட மனுசன். ஆனா இந்த மெஷின் நிண்டா நாங்கள் எல்லாரும் கதவைப் பூட்டிப்போட்டுப் போக வேண்டியதுதான். நீர் தையிலை போயிடுவீர். ஒரு வரிதானே.”

“நான் சொன்னது எண்டு எழுதினா?”

“அப்ப உம்மை என்னெண்டு விடுறது? ஹீலியம் எங்கையாவது பிடிச்சு நிரப்புமட்டும் இதைக் காக்க ஆள் வேணும். கடிதம் தர ஏலாது. கோவத்திலை சொல்லேல்லை. உண்மையிலையே ஏலாது.”

நாலு மணி. ஜன்னலுக்கு வெளியே பஞ்சலிங்கம் வெறும் கான்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வினோஜா பேனையை எடுத்தாள். ‘பராமரிப்பு ஊழியர், எவரது அறிவுறுத்தலும் இன்றி’ என்று தொடங்கினால் போதும். வாக்கியம் தலைக்குள் தயாராகவே இருந்தது. அதை எழுதுவதற்குக் கை வேண்டும். கை இருந்தது. ஆனால் ஐரோப்பா வேண்டும், தை மாதம் வேண்டும் என்று உள்ளே ஏதாவது ஒன்று கத்த வேண்டும். பொய்க்கும் கொஞ்சம் உசார் வேண்டும். உள்ளே எதுவும் கத்தவில்லை. நல்லவளாக இருக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தெரிந்ததை எழுதுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

எழுதினாள். ‘சில்லருக்கு நல்ல தண்ணீர் விடும்படி தொலைபேசியில் அறிவுறுத்தியவர்: பொறியியலாளர் வினோஜா.’ திகதி போட்டாள். கையெழுத்து வைத்தாள்.

டொக்டர் வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு கடிதத்தை எடுத்து நாலாய் மடித்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

“விசர்ப்பிள்ளை,” என்றார். திட்டுகிற குரலில் இல்லை. “போய்ச் சாப்பிடும். காலையிலை இருந்து ஒண்டும் தின்னேல்லை எண்டு கோபிகா சொன்னவள்.”

*

நாலு நாற்பதுக்கு அவள் மின்னஞ்சல் எழுதினாள். கடிதம் வராது. ஏன் என்பது இணைத்திருக்கும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. நேர்முகத்தில் தகவல் பரிமாற்றப் பிழை என்று சொன்னேன். பிழை என்னுடையது.

ஐந்து பத்துக்கு நரைத்த பெண்ணின் பதில். நான்கு வரி, மரியாதையாக. வருந்துகிறோம். இடம் மற்ற விண்ணப்பதாரருக்கு வழங்கப்பட்டுவிட்டது.

ஐந்து பதினேழுக்கு இன்னொன்று வந்தது. ஜெறோம், தமிழில் தட்டச்சுச் செய்திருந்தார்.

‘ரிப்போர்ட் பார்த்தேன். நல்ல தண்ணீர் விட்டதால் எப்படிப் பழுதாகும் என்று இங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் அரை மணி நேரம் விளங்கப்படுத்தினேன். விதி விதிதான், ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த வருடமும் போடுங்கள் என்று சொல்வேன், ஆனால் இடம் வருமோ தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், வேலைக்கு அல்ல. எந்தக் கிணறு?’

வினோஜா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள். கடைசி ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் சைக்கிள் கரியரில் கான்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன பிள்ளை, சரி வந்திட்டுதோ?”

“இல்லை பஞ்சண்ணை. வேறை ஆளை எடுத்திட்டினம்.”

“விசரங்கள்.” கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். “இண்டைக்கு இஞ்சை நடந்ததைப் பாத்தவங்கள் எண்டா விமானம் அனுப்பியெல்லோ கூப்பிட்டிருப்பாங்கள்.”

“பஞ்சண்ணை, அந்தத் தண்ணி எந்தக் கிணத்திலை அள்ளினது?”

“எந்தத் தண்ணி?”

“மாசியிலை சில்லருக்கு விட்டது.”

“அதோ? கந்தசாமி கோயிலுக்குப் பின்னாலை, புகையிலைத் தோட்டத்துக்குள்ளை ஒரு துலாக்கிணறு இருக்குது. எங்கடை பகுதியிலை கலியாணம், செத்த வீடு எண்டா அதிலைதான் அள்ளுறது.” முடிச்சை இழுத்துப் பார்த்தார். “அண்டைக்கு லாண்ட்மாஸ்ரரிலை இருபது கான் ஏத்தினனான். பதினாறு உங்கடை வீட்டுக்கு. தொண்டைமானாத்துத் தண்ணியிலை தேத்தண்ணி போட்டா சனம் குடியாது எண்டு எனக்குத் தெரியும். மிச்சம் நாலுதான் இஞ்சை.”

“எங்கடை வீட்டுக்கோ?”

“வேறை ஆர் வீட்டுக்கு? அதுக்குத்தானே முதல் போன் எடுத்தனான். ‘பிள்ளை, செத்த வீட்டுக்குத் தண்ணி கொண்டு வரட்டோ, என்ன தண்ணி வேணும்’ எண்டு கேட்டனான். பிறகு, ‘சில்லரும் கேக்குது, அதுக்கு என்ன விடுறது’ எண்டும் கேட்டனான். நீங்கள் ஒரே சொல்லிலை ரெண்டுக்கும் மறுமொழி சொல்லிட்டியள்.”

சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார்.

வினோஜாவுக்கு இப்போது நினைவு வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றது. பெரியம்மா பின்னாலிருந்து, ‘சவர்த் தண்ணியிலை என்னெண்டு தேத்தண்ணி வைக்கிறது’ என்று புறுபுறுத்தது. அவள் போனுக்குள் சொன்னது. பறை தொடங்கியது. அதற்குப் பிறகு பஞ்சலிங்கம் என்ன கேட்டாரோ, அது அவள் காதில் விழவேயில்லை.

சில்லருக்கு அவள் எதையும் சொல்லவில்லை. தேத்தண்ணிக்குத்தான் சொன்னாள்.

டொக்டரின் கார் இன்னும் வாசலில் நின்றது. ரிப்போர்ட் கொழும்புக்குப் போய்விட்டது. ஐந்து இருபத்தைந்து.

“ஏன் பிள்ளை, தண்ணியிலை ஏதும் பிழையோ?” பஞ்சலிங்கத்தின் முகத்தில் முதல்முறையாக ஒரு பயம் தெரிந்தது. “ஆரும் ஏதும் சொன்னவையோ?”

“இல்லை அண்ணை. நல்ல தண்ணிதான்.”

“அதுதானே. அண்டைக்கு உங்கடை வீட்டிலை குடிச்ச சனம் அவ்வளவும் கேட்டது, எந்தக் கிணறு எண்டு.”

அவர் மிதித்துக்கொண்டு வீதிக்கு ஏறினார். வினோஜா ஜெறோமுக்குப் பதில் எழுதினாள். இணுவில், கந்தசாமி கோயிலுக்குப் பின்னால், புகையிலைத் தோட்டத்துத் துலாக்கிணறு. வேறு ஒன்றும் சேர்க்காமல் அனுப்பினாள்.

உள்ளேயிருந்து கோபிகா கூப்பிட்டாள்.

“அக்கா, ஸ்கேன் முடிஞ்சுது. வாறியளோ?”

“வாறன்.”